மேஜை மேல் இருப்பது கம்ப்யூட்டரா, பெரிய மொபைலா?

"மாப்ள, இதை ஆஃப் பண்றது எப்படி?"

2014-ஆம் ஆண்டு, நாமக்கல்லில் லாரி ஆபீஸ் வைத்திருக்கும் என் மாமா போனில் கேட்ட கேள்வி இது. அவர் கம்ப்யூட்டருக்குப் புதியவர் அல்ல. எட்டு ஆண்டுகளாக எக்ஸ்பி கம்ப்யூட்டரில் லெட்டர் டைப் செய்து, பிரிண்ட் எடுத்து, இமெயில் அனுப்பிக் கொண்டிருந்தவர். அந்த ஆண்டு ஏப்ரல் 8-ஆம் தேதியுடன் எக்ஸ்பிக்கான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுபோனதால், கடைக்காரர் சொன்னதைக் கேட்டுப் புதிய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கியிருந்தார். பழைய கம்ப்யூட்டரையும் தூக்கிப் போடவில்லை. அதில் லாரி டிரிப் கணக்கு புரோகிராம் இருந்ததால், இன்டர்நெட் இணைப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக வைத்துக் கொண்டார்.

நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு. சேலத்திலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். திரை முழுவதும் கலர் கலராகக் கட்டங்கள். கர்சரை மூலை மூலையாகக் கொண்டு சென்று பார்த்தோம். ஷட் டவுன் மட்டும் கண்ணில் படவில்லை. "மூணு நாளா சுவத்து சுவிட்சைத்தான் அணைக்கறேன்" என்றார் மாமா. அது எந்த நிறுவனத்தின் சாஃப்ட்வேர் என்பது இங்கு முக்கியமில்லை. அந்த ஆண்டுகளில் எல்லாரும் ஒரே பாதையில்தான் போய்க் கொண்டிருந்தார்கள். மேஜைக் கம்ப்யூட்டரை மொபைல் போல மாற்றும் பாதை அது.

இப்போது நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதி, மாமா அன்று கேட்ட கேள்வியின் தம்பி, தங்கைகள்தான். "ஸ்க்ரோல் பார் எங்கே போனது?", "ரைட் கிளிக் செய்தால் பாதி மெனுதான் வருகிறது", "சேவ் செய்த பைல் எங்கே இருக்கிறது?" இவை ஏன் இப்படி ஆயின, இவற்றை எப்படிச் சரி செய்வது என்பதைப் பார்க்கலாமா?

எங்கே தொடங்கியது?

1995 ஆகஸ்ட் 24-ஆம் தேதி விண்டோஸ் 95 வெளியானது. திரையின் இடது கீழ் மூலையில் ஸ்டார்ட் பட்டன் வந்தது அதில்தான். எதுவும் தெரியாதவர்கூட "ஸ்டார்ட்" என்று எழுதியிருக்கும் இடத்தில்தான் தொடங்குவார். அடுத்த பதினேழு ஆண்டுகள் அந்தப் பட்டன் அதே மூலையில் இருந்தது. எக்ஸ்பியிலும் விஸ்டாவிலும் விண்டோஸ் 7-லும் உருவம் மாறியது, இடம் மாறவில்லை.

2007-இல் ஐபோனும், 2010-இல் ஐபேடும் வந்தன. மக்கள் தொடுதிரை பக்கம் திரும்பினார்கள். கம்ப்யூட்டர் சிஸ்டம் தயாரிப்பவர்களுக்குப் பயம் வந்துவிட்டது. மொபைலுக்கு ஒன்று, டேப்ளட்டுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று என்று தனித்தனியாக உருவாக்குவதற்குப் பதில், எல்லாவற்றுக்கும் ஒரே முகம் கொடுத்தால் என்ன என்று எண்ணினார்கள்.

2011-ஆம் ஆண்டைப் பாருங்கள். ஏப்ரலில் உபுண்டு லினக்ஸ், யூனிட்டி என்ற புதிய தோற்றத்துக்கு மாறியது. அதே மாதம் லினக்ஸின் மற்றொரு பிரபலமான டெஸ்க்டாப்பான க்னோம், தன் 3-ஆவது பதிப்பில் பழைய மெனுவையும் டாஸ்க்பாரையும் கைவிட்டது. ஜூலையில் ஆப்பிள் வெளியிட்ட லயன் பதிப்பில், ஐபேட் போலவே ஐகான்களை வரிசையாகக் காட்டும் லாஞ்ச்பேட் வந்தது. ஸ்க்ரோல் பார்கள் தேவைப்படும்போது மட்டும் தலைகாட்டின. ஸ்க்ரோல் செய்யும் திசைகூட விரலுக்கு ஏற்ப தலைகீழாகியது.

2012 அக்டோபர் 26-ஆம் தேதி விண்டோஸ் 8 வெளியானது. ஸ்டார்ட் பட்டன் நீக்கப்பட்டது. அதற்குப் பதில் திரை முழுவதும் டைல்ஸ் எனப்படும் கட்டங்கள். ஷட் டவுன் செய்ய, கர்சரை வலது மூலைக்குக் கொண்டு சென்று, அங்கே எட்டிப் பார்க்கும் பட்டையில் செட்டிங்ஸ் தேர்ந்தெடுத்து, பிறகு பவர் கிளிக் செய்ய வேண்டும். டேப்ளட்டில் விரலால் ஓரத்திலிருந்து இழுப்பவருக்கு இது இயல்பாக இருக்கலாம். மவுஸ் வைத்திருப்பவருக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது.

எதிர்ப்பு கிளம்பியது, பின்வாங்கலும் தொடங்கியது. 2013 அக்டோபர் 17-ஆம் தேதி வந்த 8.1 பதிப்பில் ஸ்டார்ட் பட்டன் திரும்பியது. ஆனால் அதை அழுத்தினால் வந்தது அதே கட்டங்கள்தான். 2015 ஜூலை 29-ஆம் தேதி வெளியான விண்டோஸ் 10-இல்தான் ஸ்டார்ட் மெனு முழுமையாகத் திரும்பியது. விரல் பயன்படுத்துபவர்களுக்கு டேப்ளட் மோட் என்று தனி வழி தரப்பட்டது. உபுண்டுவும் 2017-இல் யூனிட்டியைக் கைவிட்டது. ஆப்பிள் 2025-இல் வெளியிட்ட பதிப்பில் லாஞ்ச்பேடை நீக்கியது.

ஆனாலும் போன தண்ணீர் முழுவதும் வாய்க்காலுக்குத் திரும்பவில்லை. 2021 அக்டோபர் 5-ஆம் தேதி வந்த விண்டோஸ் 11-இல் ஐகான்கள் மொபைல் போலத் திரையின் நடுவுக்கு வந்தன. டாஸ்க்பாரை மேலேயோ பக்கவாட்டிலோ நகர்த்தும் வசதி அந்த வெளியீட்டில் எடுக்கப்பட்டிருந்தது. ரைட் கிளிக் மெனு சுருங்கியது. 2022-இல் ஆப்பிளும் தன் மேக் கம்ப்யூட்டர்களின் செட்டிங்ஸ் பகுதியை ஐபோன் செட்டிங்ஸ் போல மாற்றியது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததால், பலர் இந்தப் புதிய முகத்துக்கு வந்திருக்கிறார்கள். நீங்களும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

விரலும் மவுஸும்

இதில் என்ன பிரச்சினை? அழகாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். விஷயம் அளவில் இருக்கிறது.

விரல் நுனி பெரியது. அதனால் தொடுதிரையில் ஒரு பட்டன் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று ஆண்ட்ராய்ட் அப்ளிகேஷன் எழுதுபவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். மவுஸ் கர்சரின் முனையோ ஒரே ஒரு பிக்ஸெல். பழைய கம்ப்யூட்டர் டூல்பார்களில் ஐகான்கள் 16 பிக்ஸெல் அளவில் இருந்தன. மவுஸால் அவற்றைத் தவறாமல் கிளிக் செய்ய முடிந்தது. விரலுக்கான அளவில் பட்டன்களைப் பெரிதாக்கினால், அதே திரையில் முன்பு இருந்ததில் கால் பங்கு விஷயங்கள்கூட இடம் பெறாது. மீதி எங்கே போகும்? மூன்று புள்ளி மெனுவுக்குள் ஒளிந்துகொள்ளும்.

இரண்டாவது வேறுபாடு. மவுஸை ஓர் ஐகான் மீது கிளிக் செய்யாமல் நிறுத்தினால், அது என்ன என்று சிறு குறிப்பு தோன்றும். விரலுக்கு இந்த வசதி இல்லை. தொட்டால் வேலை நடந்துவிடும்.

மூன்றாவது, பழைய டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக், கீபோர்டு குறுக்கு வழிகள், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று விண்டோக்கள் என்று பல வழிகள் உண்டு. மொபைல் என்பது ஒரு நேரத்தில் ஒரு வேலைக்கான கருவி. பஸ்சில் நின்றுகொண்டு செய்தி படிப்பவருக்கு அது போதும். எட்டு மணி நேரம் உட்கார்ந்து கணக்கு ஏற்றுபவருக்குப் போதாது.

நான் செய்த தவறு

இதையெல்லாம் தெரிந்த நானே ஒரு தவறு செய்தேன். வாசகர்களிடம் அதைச் சொல்லாமல் மற்றவர்களைக் குறை கூறுவது சரியாக இருக்காது.

மாமா ஆபீஸில் ஓரமாக இருந்த எக்ஸ்பி கம்ப்யூட்டரின் மதர்போர்டு 2023-இல் உயிரை விட்டது. அதில் இருந்த டிரிப் கணக்கு புரோகிராம் டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோவில் எழுதப்பட்டது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. அத்தகைய 16 பிட் புரோகிராம்கள் இன்றைய 64 பிட் விண்டோஸில் நேரடியாக இயங்காது. "நீதான் இஞ்சினீயர் ஆச்சே, புதுசா ஒண்ணு எழுதிக் குடு மாப்ள" என்றார் மாமா. டேட்டாவை மீட்டெடுத்து, இரண்டு மாதம் இரவுகளில் உட்கார்ந்து எழுதினேன்.

அலுவலகத்தில் எங்களுக்குப் பழக்கம் "மொபைல் ஃபர்ஸ்ட்". முதலில் மொபைல் திரைக்கு வடிவமைப்போம். அதையே பெரிய திரைக்கு இழுத்து நீட்டுவோம். வேலை மிச்சம். அப்படியேதான் இதையும் செய்தேன். ஒவ்வொரு டிரிப்பும் ஓர் அழகான கார்டு. பெரிய பட்டன்கள். நிறைய வெள்ளை இடம். மாமா பார்த்துவிட்டு, "அட, போன் மாதிரியே இருக்குதே" என்று மகிழ்ந்தார்.

அங்கே பதினைந்து ஆண்டுகளாகக் கணக்கு எழுதும் அக்கா எதுவும் சொல்லவில்லை. பழைய புரோகிராமில் இருபது டிரிப்களை ஒரே திரையில் பார்த்தவர் அவர். என்னுடையதில் ஆறுதான் தெரிந்தன. பழையதில் என்டர் தட்டினால் கர்சர் அடுத்த கட்டத்துக்குப் போகும். என்னுடையதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் மவுஸை எடுக்க வேண்டும். சேவ் செய்தால் "சேமிக்கப்பட்டது" என்று கீழே ஒரு பட்டை இரண்டு விநாடி தோன்றி மறையும்.

அந்த இரண்டு விநாடியில்தான் வினை வந்தது. ஒரு நாள் ஒரு டிரைவருக்கு டீசல் அட்வான்ஸ் 5,000 ரூபாய் கொடுத்ததை அக்கா ஏற்றியிருக்கிறார். அதே நேரம் டேபிளில் போன் அடித்திருக்கிறது. பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தால் கட்டங்கள் காலியாக இருக்கின்றன. சேவ் ஆனதா, இல்லையா? அன்றைய பட்டியல் கண்ணில் படவில்லை; அது வேறு பக்கத்தில், மூன்று புள்ளிக்குள் இருந்தது. சேவ் ஆகவில்லை என்று நினைத்து மீண்டும் ஏற்றிவிட்டார்.

மாதக் கடைசியில் டிரைவர் கணக்கில் 10,000 கழிந்தது. "ஒருக்காத்தானுங்க வாங்குனேன். பதினாலு வருசமா இந்த வண்டியைத்தான் ஓட்டறேன்" என்று அவர் சொல்லியிருக்கிறார். "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்று மாமா கேட்டுவிட்டார். டிரைவர் பதில் பேசாமல் வண்டிச் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு ராசிபுரத்துக்குப் போய்விட்டார்.

ஒன்பது நாள் கழித்துப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. டேட்டாபேஸைத் திறந்து பார்த்தேன். ஒரே தேதி, ஒரே லாரி, ஒரே தொகை. நான்கு நிமிட இடைவெளியில் இரண்டு பதிவுகள். அக்காவிடம் கேட்டபோது, மேஜை டிராயரிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் முதலில் நோட்டில் எழுதி, பிறகுதான் என் புரோகிராமில் ஏற்றிக் கொண்டிருந்தார். "குறை சொன்னா உங்க மனசு சங்கடப்படுமேன்னு இருந்துட்டேனுங்க தம்பி" என்றார்.

மாமாவும் நானும் ராசிபுரம் போனோம். மாமா பணத்தைக் கொடுத்து, "தப்பு எங்க மேலதான்" என்றார். தப்பு என் மேல் என்று நானும் சொன்னேன். டிரைவர் மறுநாள் வந்து சாவியை எடுத்துக் கொண்டார்.

அந்தப் பொங்கல் விடுமுறையில் கார்டுகளை எடுத்துவிட்டு, வரிசையும் கட்டமுமாக அட்டவணை போட்டேன். இப்போது இருபத்திரண்டு டிரிப்கள் ஒரே திரையில் தெரிகின்றன. என்டர் தட்டினால் அடுத்த கட்டம். கடைசியாக ஏற்றிய பதிவுகள் கண் முன்னாலேயே நிற்கும். அதே தொகையை அதே நாளில் மீண்டும் ஏற்றினால், "ஏற்கனவே உள்ளது, தொடரவா?" என்று கேட்கும். பார்க்க அழகாக இல்லை. அக்கா நோட்டு எழுதுவதை நிறுத்திவிட்டார்.

மாறாத கீ ஒன்று

அதே மேஜையில், அதே அக்கா, வரிக் கணக்குக்கு டேலி பயன்படுத்துகிறார். 1986-இல் தொடங்கிய இந்த இந்திய சாஃப்ட்வேரைப் பாருங்கள். எஃப் 5 தட்டினால் பேமென்ட், எஃப் 6 ரெசீப்ட், எஃப் 7 ஜர்னல், எஃப் 8 சேல்ஸ், எஃப் 9 பர்ச்சேஸ். டேலி 9-இல் இப்படித்தான் இருந்தது. 2020 நவம்பரில் தோற்றத்தைப் பெரிதும் மாற்றி டேலி பிரைம் வெளியிட்டபோதும் இந்தக் கீகள் மாறவில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. உள்ளே எத்தனையோ மாறியது. அக்காவின் விரல்கள் கற்றுக் கொண்டது மட்டும் வீணாகவில்லை. திருச்செங்கோடு ரிக் ஆபீஸ் முதல் சேலம் ஜவ்வரிசி மில் வரை கணக்கர்கள் கீபோர்டைப் பார்க்காமலே வேலை செய்வது இதனால்தான்.

மொபைல் முகத்தால் நன்மையே இல்லையா?

உண்டு. எங்கள் ஊர்ப்பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் உறவினர் ஒருவர் சென்ற ஆண்டுதான் முதல் கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்கு முன் பத்தாண்டுகளாக மொபைல்தான். நடுவில் பெரிய ஐகான்களைப் பார்த்ததும் பயமில்லாமல் உட்கார்ந்துவிட்டார். செட்டிங்ஸில் தேடும் பெட்டி இருந்ததும் அவருக்கு வசதி. கண் பார்வை குறைந்தவர்களுக்கும் பெரிய எழுத்து நல்லதுதான்.

ஆனால் அவரும் ஓர் இடத்தில் மாட்டிக் கொண்டார். தீவன பில்லை டவுன்லோட் செய்தார். எங்கே போனது என்று தெரியவில்லை. மொபைல் அவருக்கு ஃபோல்டர் என்ற ஒன்றைக் காட்டியதே இல்லை. கம்ப்யூட்டரின் பலமே, பைல் உங்களுடையது, அதை எங்கே வைப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம் என்பதுதான். புதியவர்கள் முதலில் கற்க வேண்டியதும் அதைத்தான்.

உங்கள் கம்ப்யூட்டரைக் கம்ப்யூட்டராக மாற்ற

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். பத்து நிமிடம் போதும்.

1. ஸ்டார்ட் பட்டனை இடது மூலைக்குக் கொண்டு வர: டாஸ்க்பாரில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து டாஸ்க்பார் செட்டிங்ஸ் தேர்ந்தெடுங்கள். கீழே டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் என்பதைத் திறந்து, டாஸ்க்பார் அலைன்மென்ட் என்ற இடத்தில் லெஃப்ட் எனக் கொடுங்கள்.

2. ஷட் டவுன் செய்ய: விண்டோஸ் கீயுடன் டி தட்டினால் டெஸ்க்டாப் கிடைக்கும். பிறகு ஆல்ட் கீயுடன் எஃப் 4 தட்டுங்கள். ஷட் டவுன் பெட்டி தோன்றும். இது பழைய விண்டோஸிலும் வேலை செய்த வழி.

3. ஸ்க்ரோல் பார் எப்போதும் தெரிய: செட்டிங்ஸில் ஆக்ஸஸிபிலிட்டி, அதில் விஷுவல் எஃபெக்ட்ஸ் செல்லுங்கள். ஆல்வேஸ் ஷோ ஸ்க்ரோல்பார்ஸ் என்பதை ஆன் செய்யுங்கள்.

4. முழு ரைட் கிளிக் மெனு வேண்டுமா? ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி ரைட் கிளிக் செய்யுங்கள். பழைய நீண்ட மெனு கிடைக்கும்.

5. பைல் வகை தெரிய: பைல் எக்ஸ்ப்ளோரரைத் திறக்க விண்டோஸ் கீயுடன் இ தட்டுங்கள். வியூ, பிறகு ஷோ, அதில் பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதில் டிக் அடையாளம் ஏற்படுத்துங்கள். பில் என்ற பெயரில் வந்தது பிடிஎஃப் பைலா, அல்லது விஷமமான புரோகிராமா என்று இதில் தெரிந்துவிடும்.

6. பழைய கன்ட்ரோல் பேனல் வேண்டுமா? விண்டோஸ் கீயுடன் ஆர் தட்டி, கிடைக்கும் ரன் பெட்டியில் ஆங்கிலத்தில் கன்ட்ரோல் என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

7. பைல் எங்கே இருக்கிறது? பைல் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுத்து, லொகேஷன் என்ற வரியைப் படியுங்கள். அதில் ஒன்டிரைவ் என்ற பெயர் இருந்தால், அந்த பைல் இன்டர்நெட் வழி சேமிப்பிலும் சேர்கிறது என்று பொருள். இலவசமாகக் கிடைக்கும் இடம் 5 ஜிபி மட்டுமே. இதைத் தெரிந்து வைத்துக் கொண்டு பயன்படுத்தினால் நல்ல வசதிதான். தெரியாமல் பயன்படுத்தினால், இடம் நிறைந்த அன்று குழப்பம் வரும். எதுவானாலும் முக்கியக் கணக்குகளைப் பென்டிரைவில் தனியாக ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.

விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லாத பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள், லினக்ஸ் மின்ட் சிஸ்டத்தைப் பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். 2011-இல் லினக்ஸ் டெஸ்க்டாப் மாறியபோது, "எங்களுக்குப் பழைய மெனுவே போதும்" என்றவர்களுக்காக வளர்ந்த சின்னமன், மேட்டே என்ற டெஸ்க்டாப்கள் அதில் கிடைக்கின்றன. இடது மூலையில் மெனு, கீழே டாஸ்க்பார். எக்ஸ்பி பழகியவர்களுக்குச் சிரமம் இருக்காது.

கடைசியாக ஒன்று. உங்கள் கடைக்கோ ஆபீஸுக்கோ யாராவது புதிய சாஃப்ட்வேர் எழுதித் தந்தால், முதலாளி பார்த்து ஓகே சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். தினமும் அதில் டைப் செய்யப் போகிறவரை உட்கார வைத்து, ஒரு முழு நாள் கணக்கை ஏற்றச் சொல்லுங்கள். ஒரு திரையில் எத்தனை வரிகள் தெரிகின்றன, மவுஸைத் தொடாமல் எவ்வளவு தூரம் போக முடிகிறது, தவறாக ஏற்றினால் கண்ணில் படுகிறதா என்று கேளுங்கள். அவர் தயங்கினால் எழுதியவரைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள். நான் மாற்றிக் கொடுத்தேன். அவரும் மாற்றிக் கொடுப்பார்.